மெஷின் புதுசு, அலமாரி காலி: ஸ்விட்ச் 2-இன் முதல் ஏழு மாதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நின்டெண்டோவின் புதுக் கேம் மெஷினான ஸ்விட்ச் 2 இருக்கிறதா என்று விசாரிப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்த மெஷினில் மட்டுமே ஓடுகிற கேம் எத்தனை வந்திருக்கிறது? 2025 ஜூன் 5-ஆம் தேதி மெஷின் வெளியான அன்று நின்டெண்டோ தன் பங்குக்குக் கொடுத்தது இரண்டுதான். ஒன்று மாரியோ கார்ட் வேர்ல்ட். இன்னொன்று வெல்கம் டூர். மெஷினின் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று சுற்றிக் காட்டுகிற, விளையாட்டு வேஷம் போட்ட கையேடு அது. அதற்கும் 9.99 அமெரிக்க டாலர் விலை வைத்தார்கள். 2020-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வந்தபோது இதே வேலையைச் செய்த ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் மெஷினுக்குள்ளேயே இலவசமாக இருந்தது, நல்ல கேமாகவும் இருந்தது. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் குங்குமத்துக்குக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இது.

ஜூலை 17-இல் டாங்கி காங் பனான்ஸா வந்தது. மலையைக் குத்தி உடைத்து, தரையைத் தோண்டி, அடுக்கடுக்காகக் கீழே இறங்குகிற கேம். முதலில் பழைய ஸ்விட்ச்சுக்காகத் தொடங்கி, பிறகு புதியதற்கு மாற்றியது. புது மெஷின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். ஆகஸ்ட் 14-இல் டிராக் எக்ஸ் டிரைவ் வந்தது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. மெஷினிலிருந்து கழற்றிய இரண்டு கைப்பிடியையும் கணினி மௌஸ் போல மேசையில் தேய்த்து விளையாட வேண்டும். மேசை இல்லாத வீட்டில் தொடை மேல் தேய்க்கலாம், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். புதுமைக்காக ஒரு முறை பார்க்கலாம், அவ்வளவுதான். அடுத்ததாக இந்த மெஷினுக்கென்றே வந்தது நவம்பர் 6-இல், ஹைரூல் வாரியர்ஸ் வரிசையில் ஒன்று. நவம்பர் 20-இல் கிர்பி ஏர் ரைடர்ஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூலை 17-க்கும் நவம்பர் 6-க்கும் நடுவே சரியாக 16 வாரம். அந்த 16 வாரத்தில் நின்டெண்டோ தரப்பிலிருந்து புது மெஷினுக்கென்றே வந்த புதுக் கேம் அந்தக் கூடைப்பந்து ஒன்றுதான். மற்றதெல்லாம் பழைய வீட்டுக்கு மாடி எடுத்த கதை. மாரியோ பார்ட்டி ஜம்போரியும் கிர்பியின் ஃபர்காட்டன் லேண்டும் கூடுதல் பகுதிகளோடு திரும்ப வந்தன. அக்டோபர் 16-இல் வந்த போக்கிமான் லெஜண்ட்ஸ் இசட்-ஏ, டிசம்பர் 4-இல் வந்த மெட்ராய்ட் பிரைம் 4 இரண்டும் பழைய ஸ்விட்ச்சிலும் ஓடும். அக்டோபர் 20-ஆம் தேதி தீபாவளிக்கென்று மெஷினை வாங்கிய வீடுகள் இந்தப் பள்ளத்தின் நடுவில்தான் வந்து விழுந்தன.

இது நின்டெண்டோவின் நோய் மட்டும் இல்லை. எந்தக் கன்சோல் வந்தாலும் முதல் வருடம் இப்படித்தான் வறண்டு கிடக்கும். கேம் எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் என்பது காரணம் இல்லை. பெரிய கேம் ஒன்றுக்கு நாலைந்து வருடம் பிடிக்கிறது. மெஷினின் இறுதி வடிவமோ, வெளியீட்டுக்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் வெளி நிறுவனங்களின் கைக்கு வருகிறது. அதற்கு மேல் வியாபாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. 2025 மார்ச் முடிவில் பழைய ஸ்விட்ச் 150 மில்லியனுக்கு மேல் விற்றிருந்தது. புதியது, இவ்வளவு வேகமாக விற்றும், செப்டம்பர் முடிவில் 10.36 மில்லியன். கேமை விற்கிறவன் எந்தச் சந்தையில் கடை போடுவான்? ஆள் நிறைந்த பசார் மாலாமிலா, இன்னும் கூடாரமே கட்டி முடிக்காத திடலிலா? அதனால்தான் பெரும்பாலோர் ஏற்கெனவே வேறு மெஷினில் விற்ற கேமைத் திருப்பித் தைத்துக் கொண்டுவருகிறார்கள். ஸ்விட்ச் 2-இன் முதல் நாளில் வந்த சைபர்பங்க் 2077 வேறு மெஷின்களில் 2020-லேயே வந்தது. யகுசா 0 முதலில் வந்தது 2015-இல்.

முந்தைய மெஷின்களைப் பார்த்தால் இந்த வறட்சி எவ்வளவு நாள் நீடிக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். 2011-இல் வந்த நின்டெண்டோவின் கையடக்க மெஷின் 3டிஎஸ், சரியான கேம் இல்லாமல் திணறி, அமெரிக்காவில் மார்ச்சில் 249.99 டாலருக்கு விற்றதை ஆகஸ்டில் 169.99-க்கு இறக்கியது. முன்பே வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம் இலவசமாகக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். 2012 நவம்பரில் வந்த நின்டெண்டோவின் வீ யூ-வுக்கு மாரியோ கார்ட் 8 வந்து சேர 2014 மே ஆகிவிட்டது. அதற்குள் அந்த மெஷினின் கதை முடிந்திருந்தது, மொத்தமே 13.56 மில்லியன்தான் விற்றது. பிஎஸ்5-இன் வறட்சி வேறு மாதிரி. மலேசியாவில் 2020 டிசம்பர் 11-ஆம் தேதி, வட்டு போடுகிற மாடல் 2,299 வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்தது. ஆனால் 2022-இல் வந்த ஹொரைசன், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ராக்னராக் மூன்றும் பிஎஸ்4-லும் ஓடின. இரண்டு வருடம் கழித்தும் பழைய மெஷின்காரர் எதையும் பெரிதாக இழக்கவில்லை.

நல்ல உதாரணமும் உண்டு. 2017-இல் முதல் ஸ்விட்ச் வந்தபோது மார்ச் 3-இல் செல்டா, ஏப்ரல் 28-இல் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஜூலை 21-இல் ஸ்ப்ளட்டூன் 2, அக்டோபர் 27-இல் மாரியோ ஒடிஸி என்று பந்தி நிற்காமல் பரிமாறினார்கள். அந்த முதல் செல்டாவும் மாரியோ கார்ட்டும் வீ யூ-விலிருந்து வந்தவை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன பந்தியில் மிஞ்சிய நல்ல சாப்பாடு. ஸ்விட்ச் 2-க்கு அப்படி எடுத்துவைத்த மிச்சம் இல்லை.

மெஷினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. 7.9 அங்குலத் திரை, 1080பி, 120 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சியோடு இணைக்கிற தாங்கியான டாக்கில் வைத்தால் 4கே வரை போகும். கைப்பிடிகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன, பழையதைப் போல ஆடுவதில்லை. ஆனால் அந்தக் கைப்பிடியின் குச்சிக்குள் இருப்பது தேய்கிற பழைய வகைப் பொறிதான், காந்த வகை இல்லை. செம்மண் தூசி வீட்டுக்குள் வருகிற இடத்தில், விளையாடாத நேரத்தில் ஒரு துணியைப் போர்த்தி வையுங்கள். நின்டெண்டோ சொல்கிற இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. சிங்க் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு அந்த மேல் வரம்பைச் சுலபமாகத் தொட்டுவிடும். டாக்குக்குள் சிறிய விசிறி இருக்கிறது, அதைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். மாலை இடிமழைக்கு முன்னால் சுவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டாக்கில் லேன் கம்பி செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இடி அந்த வழியாகவும் வரும்.

இனி நம் ஊருக்கு உண்மையில் உறைக்கிற விஷயம்: கீ-கார்ட்.

நம் பிள்ளைகள் இன்னும் கேசட் என்றே சொல்கிற கேம் கார்டு, ஸ்விட்ச் 2-இல் இரண்டு வகை. ஒன்றில் கேம் முழுசாக உள்ளேயே இருக்கும், செருகினால் ஓடும். இன்னொன்றில் கேம் இல்லை, சாவி மட்டும்தான். செருகிய பிறகு முழுக் கேமையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கி முடித்த பின்னும் விளையாடும் ஒவ்வொரு முறையும் கார்டு உள்ளே இருந்தாக வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, யகுசா 0, பிரேவ்லி டிஃபால்ட் எல்லாம் இந்த ரகம். மாரியோ கார்ட் வேர்ல்டும் பனான்ஸாவும் முழுக் கேசட். வெளி நிறுவனத்துக் கேம்களில் சைபர்பங்க் 64 ஜிபி கார்டில் முழுசாக வந்தது, அதற்காகவே ஒரு கைதட்டு. பெட்டியின் முன் பக்கம் கீழே வெள்ளைப் பட்டையில் சாவிப் படம் இருந்தால் அது கீ-கார்ட். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் முதலில் அங்கே பாருங்கள்.

ஃபைபர் இணையம் வந்த தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது ஒரு ராத்திரிக் காத்திருப்பு. தோட்டத்து உள்பக்கம், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 60 ஜிபி கேம் ஒன்றை நிலையாக வரும் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கினால் 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகம் 5-க்கு இறங்கினால் ஒரு நாளைத் தாண்டும். மாரியோ கார்ட் வேர்ல்ட் சுமார் 22 ஜிபி, கேசட்டாக வாங்காமல் டிஜிட்டலாக வாங்கினால் 10 எம்பிபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட 5 மணி நேரம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அளவில்லாத டேட்டா என்று விற்கிற கைப்பேசித் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் வேகம் செத்துப்போகும், கேம் முக்கால்வாசியில் நிற்கும். அழிந்துவிடாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அடுத்த மாதம்தான்.

வழி இல்லாமல் இல்லை. கீ-கார்டை முதலில் இறக்குவதற்குத்தான் இணையம் வேண்டும். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது மெஷினையும், கூட வந்த 60 வாட் அடாப்டரையும் எடுத்துப் போங்கள். டாக் தேவையில்லை. கார்டைச் செருகி, இறக்கத்தைத் தொடங்கிவிட்டு, ஸ்லீப்பில் போட்டாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் ஒரு தடவை கேமைத் திறந்து பாருங்கள், அப்டேட் ஏதாவது பாக்கி இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இடம் போதாமல் பழைய கேமை அழித்தால், அதைத் திரும்ப இறக்க இன்னொரு பயணம் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

இடம் என்றதும் இன்னொன்று. உள்ளே 256 ஜிபி. கூடுதலுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டும்தான் செல்லும், 2 டிபி வரை. கைப்பேசிக்குப் போடுகிற சாதாரண மைக்ரோ எஸ்டி இதே ஓட்டையில் நுழையும், ஆனால் அதில் கேமைப் போட முடியாது. பழைய படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ள மட்டும் பயன்படும். எக்ஸ்பிரஸ் கார்டின் முகத்தில் ‘இஎக்ஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அதே அளவு சாதாரணக் கார்டைவிட விலை கூட. ‘எக்ஸ்ட்ரீம்’ என்று பெயர் போட்ட கார்டை எக்ஸ்பிரஸ் என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு, இரண்டும் வேறு. முழுக் கேசட்டாக மட்டும் வாங்குகிற வீட்டுக்கு முதல் வருடம் இந்தக் கார்டே வேண்டியதில்லை.

அப்படியானால் இந்த வறட்சியை எதை வைத்துக் கடப்பது? பழைய அலமாரியை வைத்துத்தான். முதல் ஸ்விட்ச்சின் கேசட்டுகள் பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன, சிலது முன்பைவிட நன்றாக. 12 கேம்களுக்கு நின்டெண்டோ இலவசமாகவே மெருகு போட்டது. அதில் போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மெஷினில் திக்கித் திணறி ஓடி எல்லோரிடமும் திட்டு வாங்கிய கேம், இதில் நொடிக்கு 60 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்று வருடத்துக்கு முன்பே இப்படி வந்திருக்க வேண்டியது. மாரியோ ஒடிஸி, 3டி வேர்ல்ட், செல்டாவின் லிங்க்ஸ் அவேக்கனிங், எக்கோஸ் ஆஃப் விஸ்டம் இவற்றுக்கும் இலவசம்தான். பெரிய செல்டா இரண்டுக்கும் (பிரெத் ஆஃப் தி வைல்ட், டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்) மட்டும் மெருகு வேண்டுமானால் தலா 9.99 டாலர். முதல் ஸ்விட்ச்சே வாங்காத வீடு என்றால் இது வறட்சியே இல்லை. எட்டு வருடத்து அறுவடை, செகண்ட் ஹேண்ட் விலையில், புது மெஷினில்.

ஏற்கெனவே பழைய ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக்குப் பதில் வேறு: முதல் ஏழு மாதத்தில் வந்ததை வைத்துச் சொன்னால், வேண்டாம். மாரியோ கார்ட் வேர்ல்டும் பனான்ஸாவும் இரண்டு நல்ல கேம். இரண்டு கேமுக்காக ஒரு மெஷின் வாங்குவது, தீபாவளிக்கு இரண்டு முறுக்கு சுட அச்சு, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாம் புதுசாக வாங்குவது போல. போக்கிமானும் மெட்ராய்டும் உங்கள் பழைய மெஷினிலேயே ஓடும். அவற்றின் ஸ்விட்ச் 2 பதிப்பில் படம் தெளிவு, ஓட்டம் சீர், கதை அதேதான்.

மாரியோ கார்ட் வேர்ல்டைப் பற்றித் தனியாகச் சில வார்த்தை, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் பல மாதத்துக்கு ஓடப்போவது இது ஒன்றுதான். ஒரே ரேஸில் 24 வண்டி. ஒரு திரையில் நாலு பேர் விளையாடலாம், அதற்கு இணையமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். பெட்டியில் வருகிற கைப்பிடி ஜோடியைப் பிரித்தால் இரண்டு பேருக்குத்தான் ஆகும். மற்ற இரண்டு பேருக்குப் பழைய ஸ்விட்ச்சின் கைப்பிடிகளை வயரில்லாமல் இணைத்துக்கொள்ளலாம். புது மெஷினின் பக்கவாட்டில் அவை ஒட்டாது, அதனால் சார்ஜும் ஏறாது. பழைய மெஷினிலோ தனிச் சார்ஜரிலோதான் ஏற்ற வேண்டும், பழையதை விற்கும் முன் இதை யோசியுங்கள். மூன்று, நாலு பேர் சேர்ந்தால் ஓட்டம் நொடிக்கு 30 ஃபிரேமாகக் குறையும். சொந்தக்காரப் பிள்ளைகள் கூடிவிட்டால் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பைப் போட்டியில் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போகிற நெடுஞ்சாலை ஓட்டமே ரேஸின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. நேராகவும் அகலமாகவும், பிளஸ் நெடுஞ்சாலையில் போவது போல. மூன்று சுற்றுத் தடம்தான் வேண்டும் என்றால் விஎஸ் பிரிவுக்குள் போய் வரைபடத்தில் அந்தத் தடத்தையே தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் பழைய ஸ்விட்ச் இருந்தால் கேம்-ஷேர் என்று ஒரு வசதி உண்டு. 3டி வேர்ல்ட், 51 வேர்ல்ட்வைட் கேம்ஸ் போன்ற சிலவற்றில், ஸ்விட்ச் 2-இல் ஒரு கேசட் இருந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் மற்ற மெஷின்களுக்கும் அது பகிர்ந்து கொடுக்கும். எல்லாக் கேமிலும் கிடையாது. பொருந்துகிற கேம் கையில் இருந்தால், வறண்ட மாதங்களில் நாலு பிள்ளைக்கு ஒரு கேசட் என்பது பெரிய விஷயம்.

பழைய மெஷினில் ரிங் ஃபிட் வைத்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அந்த வளையத்தில் புதுக் கைப்பிடி பொருந்தாது. கேம் ஓடும், ஆனால் பழைய கைப்பிடி கட்டாயம் வேண்டும். பழைய டாக்கும் புது மெஷினுக்கு உதவாது.

செகண்ட் ஹேண்டில் இறங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இணையச் சந்தையில் வழக்கத்தைவிட மிக மலிவாக ஸ்விட்ச் 2 தெரிந்தால் அது பெரும்பாலும் ஜப்பான் உள்நாட்டு மாடல். 2025-இல் வெளியானபோது ஜப்பானில் பல மொழி மாடல் 69,980 யென், ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். அந்த வித்தியாசத்தைத்தான் தள்ளுபடி என்று காட்டுகிறார்கள். அதில் மொழியை மாற்ற முடியாது, நாடு ஜப்பான் என்று பதிந்த கணக்கைத் தவிர வேறு கணக்கும் ஏற்காது. விற்கிறவரிடம் மொழிப் பட்டியலைத் திறந்து படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆங்கிலம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். திருட்டுக் கேம் ஓட்டுகிற கார்டு போட்ட மெஷின்களை நின்டெண்டோ இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. தடை விழுவது மெஷினுக்கு, கணக்குக்கு இல்லை. நீங்கள் புதுக் கணக்கு திறந்தாலும் அது போகாது. அந்த மெஷினில் முழுக் கேசட் ஓடும், அதனால் கடையில் போட்டுக் காட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. வீட்டுக்கு வந்து கீ-கார்டைச் செருகினால்தான் தெரியும், ஏனென்றால் அதை இறக்கவே வழி இருக்காது. ஆகவே காசு கொடுக்கும் முன், கடையிலேயே உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை இணைத்து, நின்டெண்டோவின் இணையக் கடையான ஈ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். இதற்குச் சில எம்பிதான் செலவாகும். 2124-4508 என்ற எண்ணோடு பிழை வந்தால் மெஷினைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சும்மா நெட்வொர்க் பிரச்சினை, வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால், வேறு ஒரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.